வீட்டுக்குள் கடைசிப் பந்தி

“சிக்கனமாக வாழக் கற்றுக்கொள்ளுங்கள்! குறைந்த செலவிலேயே நிறைந்த சத்துப் பெறலாம்!”

ஏழையை நோக்கி இந்த உபதேசத்தைச் செய்யாதவர் யார்? வயிறு நிறைந்தவரின் வாயிலிருந்து வெகு எளிதாகப் புறப்படுகிற வாசகம் இது. அதற்காக நாம் இதை ஏளனம் செய்து ஒதுக்கிவிடப் போவதில்லை. கணக்கு நமக்குப் பகையன்று. போட்டுத்தான் பார்ப்போமே!

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 217 அடி உயர இராசகோபுரம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. முழுநிலவு தோறும் இலட்சக்கணக்கில் மக்கள் கூட்டம். அந்தக் கோபுரத்தின் நிழலிலேதான், பூக்கட்டி விற்கும் பெண்ணும், உணவு விடுதியில் எச்சில் மேசை துடைக்கும் ஆளும், சனிக்கிழமை மாலை வாரக் கூலிக்காகக் காத்து நிற்கும் சித்தாளும் குடித்தனம் நடத்துகிறார்கள். அப்படியொரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், வயதான மாமியார், ஆக ஐவர். வாடகை, வட்டி, மருந்து எல்லாம் போக, சாப்பாட்டுக்கென்று வாரத்துக்கு 1000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஏழு நாள், வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு, நாளொன்றுக்கு 29 ரூபாய்கூடத் தேறவில்லை! வேளைக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. கிரிவலப் பாதையில் ஒரு குவளைத் தேநீருக்குக்கூடப் பற்றாத பணம்.

இந்தப் பணத்தில் ஐந்து உடல்களுக்குச் சத்துள்ள உணவு தர முடியுமா? ஓரளவு முடியும். அப்படி முடிவதற்கு அந்த வீட்டம்மையின் சாமர்த்தியம் மட்டும் காரணமன்று. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலையில்லை. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் வருகின்றன. பிள்ளைகளுக்குப் பகலில் முட்டையோடு சோறு பள்ளியில்; 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிய திட்டத்தினால் காலைச் சிற்றுண்டியும் அங்கேயே. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பள்ளியொன்றில், தியாகராயர் காலத்தில் 1920இல் வைத்த உலை அது. அடுப்பை வீட்டிலிருந்து வீதிக்குக் கொண்டுவந்து, பசியைப் பொதுப்பிரச்சினை ஆக்கிய பிறகுதான், ஆயிரம் ரூபாய்க் கணக்கு பேசத் தகுந்த கணக்காகிறது. இதை மறைத்துவிட்டுச் சிக்கனத்தின் பெருமை பேசுவோர், தேரை இழுத்த ஆயிரம் கைகளை மறந்து, மேலே அமர்ந்திருப்பவரைத் தேரோட்டி என்று புகழ்வோருக்கு நிகராவர்.

அரிசி வந்துவிட்டது. மற்றவை? மாவட்டம் வளமற்றதா என்றால், இல்லை. நிலக்கடலை இங்கே விளைகிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். சவ்வாது மலையில் சாமை விளைகிறது. கேழ்வரகிலே நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கும் மேலாகச் சுண்ணாம்புச் சத்து இருக்க, தீட்டிய வெள்ளை அரிசியில் பத்து அளவுக்கே உண்டு. முருங்கைக் கீரைக்குக் கடைவீதி போக வேண்டியதில்லை. கருவாடு மலிவு. ஆட்டிறைச்சி வாங்க இயலாதவரும் ஈரலோ, இரத்தமோ, சுவரொட்டியோ எப்போதேனும் கொஞ்சம் வாங்கலாம். இரத்தம் குறைந்த பெண்ணுக்குச் சுவரொட்டி கொடு என்று கிழவிகள் சொல்லிவந்தது மூடநம்பிக்கை அல்ல, அதில் இரும்புச் சத்து இருக்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ உணவோடு சேர்ந்தால் கீரையின் இரும்பு உடலில் நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் ஏறாது. காசு செலவில்லாத பாடங்கள் இவை.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கையைக் காணுங்கள். மேலே சொன்ன பொருள்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஏதேனும் ஓர் இழிவு ஏற்றப்பட்டிருக்கிறது! கேழ்வரகுக் களி ‘கூலிக்காரன் சாப்பாடு’. கருவாடு ‘நாற்றம்’. மாட்டிறைச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரைக் கேட்டால் தெரியும். புழுங்கலரிசியையும் விட்டுவைக்கவில்லை: ஒருமுறை வெந்துவிட்டதாம், ஆண்டவன் படையலுக்கு ஆகாதாம்! பச்சரிசிதான் ‘சுத்தம்’. ஆராய்ச்சி என்ன கூறிற்று? 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய மக்காரிசன் என்ற மருத்துவர் சிறிய ஆய்வகமொன்றைத் தொடங்கினார்; பின்னாளில் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அதுவே. நெல்லை அவித்துக் குத்தும்போது மேல் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. அவிக்காமல் வெண்மையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. கால் மரத்து, இதயம் தளர்ந்து, பெரிபெரியில் மாண்டவர்கள் அந்த வெண்மைக்குப் பலியானவர்கள். தீட்டிய அரிசிக்குத் தீட்டில்லை. தீட்டாத தானியத்துக்கே தீட்டு! மலிவானதை இழிவானது என்று கற்பித்துவிட்டு, பிறகு ‘மலிவாகச் சாப்பிடத் தெரியவில்லையே’ என்று ஏழையைக் கடிந்துகொள்கிற விந்தையை வேறெங்கே காணப் போகிறோம்?

சிக்கனம் போதாதபோது அடுத்து வருவது தானம். திருவண்ணாமலையில் சோற்றுக்கா பஞ்சம் என்பார்கள். உண்மைதான், முழுநிலவன்று பாதையெங்கும் பொங்கலும் புளிச்சோறும் பாக்குமட்டைத் தட்டுகளில் நீட்டப்படும். நீட்டுவோரில் நல்லெண்ணம் உடையோர் ஏராளம். அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால், நிலவு வளர்ந்து நிறைகிற நாளில் மட்டுமா பூக்காரியின் பிள்ளைக்குப் பசிக்கும்? கொடுப்பவரின் புண்ணியக் கணக்கை ஒட்டி வருகிற சோறு, உண்பவரின் வாரக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு நாள் பார்த்து எரியவில்லை; அதன் பெருமை அதுவே.

சிக்கனம் பேசியாயிற்று, தானம் பேசியாயிற்று. யாரும் அதிகம் பேசாதது ஒன்று எஞ்சியிருக்கிறது. பானையில் உள்ளது ஐவருக்குப் போதவில்லை. அந்தக் குறை யார் இலையில் விழுகிறது?

நூறாண்டுக்கு முன் இலண்டன் மாநகரில் இந்தக் கேள்வியைச் சிலர் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார்கள். பேபியன் மகளிர் குழுவினர், 1909 தொடங்கிச் சில ஆண்டுகள், லாம்பெத் பகுதித் தொழிலாளர் வீடுகளில் வாரச் செலவுக் கணக்கை எழுதி வாங்கினர். கணவன் கொண்டுவரும் கூலி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுன். அந்த விவரங்களை மாட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையார் 1913இல் நூலாக்கினார். ‘ஏன் பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுப்பதில்லை? மலிவு, சத்து!’ என்று நல்ல வீட்டுச் சீமாட்டிகள் கேட்பது வழக்கம். விடை என்ன தெரியுமா? கஞ்சி காய்ச்ச வீட்டில் ஒரே ஒரு பழைய பாத்திரம். அதில்தான் மற்றச் சமையலும். பால் இல்லை, சர்க்கரை இல்லை. அவை இல்லாமல் குழந்தை தொடாது. உபதேசத்துக்கு அடுப்பும் விறகும் தேவையில்லை, கஞ்சிக்குத் தேவை! நம் ஊரில் ‘சிறுதானியம் சாப்பிடுங்கள்’ என்று மேடையில் முழங்குவோர், களி கிண்டுவதற்கு ஆகும் எரிவாயுவையும், பூக்கட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவளின் தோள் வலியையும் விலையில் சேர்த்துக்கொள்கிறார்களா?

அந்த நூல் காட்டிய இன்னொன்று நமக்கு இன்னும் முக்கியம். வீட்டில் இறைச்சி வாங்குவது ஆண்மகனுக்காக. அவன் உழைக்கிறவன், அவன் படுத்தால் குடும்பம் படுத்துவிடும். தாயும் பிள்ளைகளும் ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஒப்பேற்றினர். தாய்க்கோ பல நேரம் அதிலும் குறைவு. லாம்பெத்தில் கோபுரம் இல்லை, மனுவும் இல்லை; ஆயினும் பந்தி அதே வரிசையில்தான் நடந்தது.

இங்கே வரிசை நாம் அறிந்ததே. முதலில் கணவன், பிறகு பிள்ளைகள், அதிலும் ஆண்பிள்ளைக்குக் கரண்டி கொஞ்சம் தாராளம், பிறகு மாமியார், எல்லோரும் கைகழுவிய பின்பு, சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொண்டு அவள். ‘எனக்கு வேண்டாம், பசியில்லை’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் சொன்ன அளவுக்கு உலகில் வேறெவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்!

இந்த வரிசை சரியா என்று உடற்கூற்றைக் கேட்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்துத் தேவை, பெண்ணுக்கு 29. அதிகம் தேவைப்படுகிறவள் கடைசியில் உண்கிறாள்! விளைவு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை, ஆண்களில் 25. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையில்.

‘மாதவிடாயும் மகப்பேறும் காரணம், பந்தியைக் குறை கூறுவானேன்?’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆம், அவை காரணம்தான். உடல் இழப்பதை இலை ஈடுசெய்ய வேண்டும் என்பதற்காகத்தான் 29 என்றார்கள். இழப்பு இயற்கை, ஈடுசெய்யாமை ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு விரதம் என்றும் பெயர் வைத்தார்கள். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று, சஷ்டி ஒன்று. அவள் பட்டினி கிடந்தால் தாலி நிலைக்கும் என்றார்கள். சோறு மிச்சமாவதும் பக்தி மிகுவதும் ஒரே நாளில் நிகழ்வது எத்தனை வசதியான அற்புதம்!

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ‘அவள் விரும்பியே விட்டுக்கொடுக்கிறாள், அது அன்பு. அன்பில் போய் நீதிக் கணக்குப் பார்ப்பதா?’ இதை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தன் பங்கைத் தருகிற தாயின் கையைத் தடுக்க எந்தப் பகுத்தறிவும் நம்மை ஏவாது. ஆனால், அன்பு ஆளுக்கொரு நாள் மாறி மாறி விட்டுக்கொடுக்கும். இன்று அவள், நாளை அவன், மறுநாள் வளர்ந்த மகன் என்று சுற்றிவரும். ஆண்டு முழுவதும், தலைமுறை தலைமுறையாக, ஒருத்தியே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு அன்பென்று பெயரிட நமக்கு நா எழவில்லை. விருப்பத்தினால் நடப்பதில் விலகும் வாய்ப்பு இருக்க வேண்டும். ‘இன்று நான் முதலில் சாப்பிடுகிறேன்’ என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும். வீட்டில் எழும் வியப்பே அது அன்பா சட்டமா என்பதைக் காட்டிவிடும்.

1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி போட்டார்கள் என்று கேட்டு இந்த நாடு கொந்தளித்தது. ஒரு வேளைச் சோற்றுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அன்றும் சிலர் கேட்டனர். எவர் எங்கே, எப்போது உண்பது என்பதில் மனிதனின் மதிப்பே அடங்கியிருக்கிறது என்பதை நம்மவர் அறிந்திருந்தார்கள். சமபந்தி விருந்துகள் நடத்தினார்கள். இன்று கோயில்களிலேயே பொதுவிருந்து நடக்கிறது. அத்தனையும் வென்ற பிறகு, கூட்டத்தில் பெண்ணுரிமை பேசிவிட்டு இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிற தோழர், காத்திருந்து பரிமாறுகிறவளிடம் ‘நீ சாப்பிட்டாயா?’ என்று கேட்பதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதுகிறார். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பலருடைய கைக்குப் பணம் கொண்டுவந்தது. உதவி என்னாமல் உரிமை என்று பெயர் சூட்டியது நன்று. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய முட்டையும் எவர் தட்டுக்குப் போகிறது?

ஆகவே வாரக் கணக்கை மறுபடி எடுப்போம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் முட்டை கிடைக்கிறது. வீட்டில் அவளுக்கென வாரம் மூன்று முட்டை: ஏறக்குறைய இருபது ரூபாய். ஆயிரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. கணவர் கடையில் குடிக்கிற இரண்டு தேநீரின் விலை. நாளும் ஒரு பிடி வேர்க்கடலை, கீரையில் முழுப்பங்கு, பிழிய ஒரு துண்டு எலுமிச்சை. சோறு வடிக்குமுன் அரிசியை ஐந்து பேருக்கென அளந்து போட்டு, ஐந்து தட்டிலும் ஒரே நேரத்தில் பரிமாறிவிட்டால், குறைவு வந்தாலும் அது ஐந்தாகப் பிரியும். கிழவியின் தட்டையும் மறக்க வேண்டாம். அவளும் ஒரு காலத்தில் சட்டியை வழித்துத் தின்றவள்தான்.

படிப்பகங்களில் கூடும் நம் இளைஞர்கள் இதை ஒரு மாதம் செய்து பார்க்கட்டும். வீட்டுக் கணக்கு நோட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று எழுதும் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு கோடு கிழித்து, முட்டையோ கறியோ சமைத்த நாளில் எவருக்கு எத்தனை துண்டு விழுந்தது என்று குறிக்கட்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் எழுதுகிற பென்சில் சமைத்தவளின் கையிலேயே இருக்கட்டும்.