மீனின் வழியும் உயிரின் அறிவும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் பாயும்போது, பாயும் நீரை எதிர்த்து மீன்கள் ஏறுகின்றன. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்கிறது. இப்படித் தொடராக அமைந்த ஏரிகளில் நீர் செல்லும் கால்வாயே மீன் செல்லும் வழியும் ஆகிறது. மீன் தானே செல்கிறதா, அல்லது செலுத்தப்படுகிறதா என்பது உயிரியலுக்கும் சமயத்துக்கும் பொதுவான கேள்வி.

இக்கேள்விக்கு ஏற்ற சான்று பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் இது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். முள் நிறைந்த செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். 1791இல் தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டோர்ஃப் எழுதிய குறிப்பு, 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குச் சென்றது. மரம் ஏறியதைப் பலர் ஐயுற்றாலும், தரையில் நகர்வது உறுதியான செய்தி.

உடல் இடம் தருவதால் மட்டும் பயணம் நிகழ்ந்துவிடாது. எங்கே, யாரோடு போவது என்பதும் முடிவாக வேண்டும். கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த வி. வி. பினோயும் கே. ஜான் தாமஸும் இதை ஆராய்ந்தார்கள். பழகிய மீன்களின் சிறு கூட்டத்தையும் பழகாதவற்றின் பெருங்கூட்டத்தையும் காட்டியபோது, பனையேறிக் கெண்டை பெருங்கூட்டத்தையே நாடியது. இம்முடிவு 2004இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியானது. இம்மீன் வழியைக் கற்கும் விதம், அது வாழும் இடத்தின் அமைப்பைப் பொறுத்து மாறுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வு காட்டியது. இரு கூட்டங்களையும் ஒப்பிட்டு ஒன்றைக் கொள்வதும், கற்றதைக் கொண்டு வழி தேர்வதும் அறிவின் செயல்கள்.

விலங்கை இயந்திரமாகக் கருதிய தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் கொள்கைக்கு இம்முடிவுகள் இசைவதில்லை. தமிழ் மரபு வேறு வழியில் சிந்தித்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, மனத்தை ஆறாவது அறிவாக வைத்தது. ஆயினும் விலங்குகளில் சிலவற்றுக்கும் அது உண்டு என்று உரை மரபு இடம் விட்டது. சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் எல்லா உயிருக்கும் உண்டு. ஆணவம் அவற்றை மறைத்திருக்கிறது. வினைக்கேற்ப வாய்த்த உடலும் கருவிகளும் அவற்றை ஓரளவு விளங்கச் செய்கின்றன. இதன்படி மீனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ளது விளக்கத்தின் அளவு வேறுபாடே. உயிரின் தன்மை ஒன்றே. ஆய்வுக்கூடத்தால் ஆன்மாவை நிறுவ இயலாது. ஆனால் விருப்பமும் அறிவும் செயலும் ஒரு மீனில் சேர்ந்திருப்பதை அதனால் காட்ட முடிகிறது.

அறியும் உயிர் துன்பமும் உறுமா? 2003இல் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெயிட், மைக்கேல் ஜென்டில் ஆகியோர் டிரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்தி ஆராய்ந்தார்கள். அம்மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மீண்டும் இரை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. மூளைப் புறணி இல்லாத மீனால் வலியை உணர முடியாது என்று பிரையன் கீ 2016இல் மறுத்தார். வாதம் தொடர்கிறது. ஆனால் அறம் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. துன்பம் உண்டெனில் அதைச் செய்தவர் பிழை செய்தவர் ஆவார்; இல்லையெனில் தவிர்த்ததால் எவருக்கும் இழப்பில்லை.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. மீனும் அதில் அடங்கும். எனவே மீனைப் பிடித்து, அடையாளக் கருவி பொருத்தி, அதன் பயணத்தை அளக்கும் ஆய்வாளர் குறைந்த எண்ணிக்கையில், குறைந்த நோவோடு, தேவையான அளவே செய்யக் கடமைப்பட்டவர். ஏரியைப் பேணுவோருக்கும் இக்கடமை உண்டு. கால்வாய் அடைபட்டால் நீர்வரத்து குறைவதோடு, தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிச் செல்லும் ஓர் உயிரின் வழியும் அடைபடுகிறது. கலங்கலையும் கால்வாயையும் திறந்து வைப்பது நீர் மேலாண்மையாகவும் சீவகாருணியமாகவும் ஒருங்கே அமையும் பணி.