சொன்னால் பலிக்காது

மஞ்சள் காமாலைக்கு அப்பத்தா மருந்து கொடுப்பாள். விடியுமுன் கீழாநெல்லி பறித்து, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கித் தருவாள். கூட என்ன சேர்த்தாள் என்று யாருக்கும் சொன்னதில்லை; சொன்னால் பலிக்காதாம். காசு வாங்கினாலும் பலிக்காதாம். திண்ணையில் யாராவது வைத்துவிட்டுப் போகும் ஒன்றேகால் ரூபாய் கோயில் உண்டியலுக்குப் போகும்.

மருந்துக்கடையில் நாற்பது வருஷம் நின்ற எனக்குக் காப்புரிமை இதன் தலைகீழாகப் படுகிறது. பக்குவத்தை ஊரறியச் சொல்லியாக வேண்டும். ஆனால் 20 ஆண்டுக்கு வேறொருவர் செய்யக்கூடாது. இரத்தப் புற்றுக்கான கிளிவெக் மாதம் லட்சத்துக்கு மேல் விற்றபோது, நம்மூர்க் கம்பெனி மாத்திரை சுமார் பத்தாயிரம்தான். கிளிவெக்கைத் தயாரித்த நோவார்ட்டிஸ் அதற்குக் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது.

கொரோனாவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காப்புரிமைகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் 2020 அக்டோபரில் கேட்டன. 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும் ஏதோ தளர்வு கிடைத்தது. அதற்குள் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் வருஷத் திதியே வந்துபோயிற்று.

காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு யார் காசு போடுவது என்கிறான் மகன். நியாயமான கேள்விதான். ஆனால் கீழாநெல்லி அப்பத்தா விதைத்ததில்லை. பக்குவம் மாமியார் சொல்லிக் கொடுத்தது. தன்னுடையது இல்லை என்பதால்தான் காசு வாங்கக் கூசினாளோ? ஒளித்ததும் தப்புதான். அவளோடு அந்த மருந்தும் போய்விட்டது.