இருக்கை நலம்

சைவாசிரியர்களே!

தநு, கரணம், புவனம், போகம் என இறைவன் ஆன்மாக்களுக்குத் தந்தருளிய நான்கனுள் முதற்கண் எண்ணப்படுவது தநுவாகிய உடம்பேயாம். நினைத்தலும் துதித்தலும் வணங்குதலும் இவ்வுடம்போடு கூடியே நிகழ்தலின், இதனைப் பேணாதொழிதல் தந்தவனை மறத்தலாம். ஆயினும், நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்தறிந்தனரா என நோக்கும் நாம், அவர்கள் எவ்வாறு இருக்கின்றார்கள் என நோக்குவது அரிது.

திருமூல நாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரித்தருளினார். இயம நியமங்களின் பின் ஆசனமும், அதன் பின்னரே பிராணாயாமமும் நின்ற முறையை உற்று நோக்குக. கூனியிருப்பவனுக்கு விலாவென்புகள் நன்கு விரியா. உதரவிதானம் இடமின்றி நெருக்குறும். ஆதலின் மூச்சு ஆழ உட்புகாது. ஒரு பிள்ளையைக் குனிந்திருந்து ஒருமுறையும், நிமிர்ந்திருந்து ஒருமுறையும் தேவாரம் ஓதச்செய்து கேட்பீராயின் வேறு சான்று வேண்டீர்.

வளர்ந்தோர் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடையது. அது முன்னே சாயுந்தோறும் கழுத்தின் பின்புறத் தசைகள் மிகுதியும் உழைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியைக் குனிந்து நோக்கும் இக்காலத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகையே.

இனி, "நிமிர்ந்திரு, அசையாதே" என்று பிரம்பெடுத்தலால் இக்குறை தீருமோ எனின், தீராது. பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்கு உறுதியோடு சுகத்தையும் இலக்கணமாக வைத்தார். உறுதியை மாத்திரம் கைக்கொண்டு சுகத்தை விட்டவர் பலர். வாங்கு உயர்ந்திருத்தலால் கால் நிலந்தோயாது தொங்கும் சிறுவனுக்குச் சுகம் யாண்டையது? முள்ளந்தண்டின் என்புகளினிடையே உள்ள தட்டுக்களோ, உடல் அசையுந்தோறும் அழுந்தியும் விரிந்துமே போஷணை பெறுவன. நெடுநேரம் ஒருபடித்தாயிருத்தல், நேராயிருப்பினும், நன்றன்று. ஆகவே, அவன் நெளிவது குறும்பன்று. உடம்பு செய்யும் முறையீடு. அம்முறையீட்டுக்கு அடி கொடுத்தல் எந்த நீதிநூற்கும் ஒவ்வாது.

செய்யத்தக்கவை அரியனவல்ல. கால் எட்டாத பிள்ளைக்கு ஒரு பலகைத்துண்டை அடியில் இடுக. மேசை முழங்கை மட்டத்தில் நிற்க வேண்டும். பாயிற் சம்மணமிட்டிருப்போர்க்கு, மடியில் வைத்த புத்தகமே கூனலை விளைப்பதாதலின், சிறு சாய்பலகை உதவுக. பாடந்தோறும் ஒருமுறை எழுந்து நிற்கச் செய்க. கரும்பலகை துடைக்கும் நேரமே இதற்குப் போதும்.

பின்னும் ஒன்று. வளரும் பருவத்திலே சில பிள்ளைகளுக்கு முள்ளந்தண்டு பக்கமாக வளைவதுண்டு. பெரும்பாலும் அது தீய இருக்கையால் வருவதன்று. ஒரு தோள் மற்றதினும் உயர்ந்திருத்தல், குனியும்போது முதுகின் ஒருபுறம் மேலெழும்புதல் என்பன அதன் அடையாளங்கள். அத்தகைய பிள்ளையைச் சகபாடிகள் முன் கடிந்துகொள்ளாது, பெற்றோரைத் தனியே அழைத்து அறிவித்து, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அனுப்புவிக்க. தாயினும் முன்னதாக அவ்வளைவைக் காணத்தக்கவர், நாடோறும் அப்பிள்ளையை நேரே நோக்கியிருக்கும் ஆசிரியரே.