வாசிக்க வந்த பிள்ளையின் கதை

அமெரிக்க நகரங்களில் இளையோர் ஆர்கெஸ்ட்ராக்களுக்காக நடக்கும் நிதி விருந்துகளில் ஒரு கட்டம் உண்டு. சாப்பாடு பாதி முடிந்திருக்கும். ஏலக்காரர் மேடையேறுவதற்குச் சற்று முன் விளக்குகள் மங்கும். 13, 14 வயதுப் பிள்ளை ஒன்று மைக் முன்னால் வந்து நிற்கும். அப்பாவுக்கு வேலை போனது, வீட்டில் இடமில்லாமல் குளியலறையில் நின்று பயிற்சி செய்தது, இந்தக் குழு கைதூக்கிவிட்டது என்று தன் கதையைச் சொல்லும். கைதட்டல் ஓய்வதற்குள் ஏலக்காரர் பெரிய தொகையில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே இறங்குவார். மேசைதோறும் எண் அட்டைகள் உயரும். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. கண்ணில் ஈரம் காயுமுன் அட்டையைத் தூக்க வைத்துவிட வேண்டும் என்பது நிதி திரட்டுவோரின் தொழில் பாடம்.

இப்படிச் செய்வது சரியா?

விருந்தின் ஆடம்பரத்தைக் கேலி செய்வது எளிது. ஆனால் குற்றம் அங்கே இல்லை. ஹேண்டலின் ‘மெசையா’ என்ற இசைப் படைப்பு 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியதே அறப்பணிக்காகத்தான். கூடுதலாகச் சிலருக்கு இடம் கிடைக்கட்டும் என்று, பெண்கள் பாவாடைக்குள் வளையம் வைக்காமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த வசூலில் கடன்பட்டுச் சிறையில் கிடந்த 142 பேர் விடுதலையானார்கள். கேட்க வந்தவர்களில் யார் பக்தியோடு வந்தார், யார் பகட்டுக்கு வந்தார் என்று வெளியே வந்தவர்கள் விசாரித்திருக்கப் போவதில்லை. கொடுப்பவரின் தற்பெருமை அவருடைய பிரச்சினை. செல்லோவுக்கு விலை உண்டு, ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு யாராவது கட்டித்தான் ஆகவேண்டும்.

குற்றம் அந்த மைக்கில் இருக்கிறது. அமெரிக்க வரிச் சட்டம் ஒரு விஷயத்தில் கறார்: விருந்துச் சீட்டின் முழு விலையையும் நன்கொடை என்று காட்ட முடியாது. சாப்பிட்ட சாப்பாட்டின் மதிப்பைக் கழித்து, மிஞ்சியதைத்தான் கொடை என்று கணக்கு எழுதலாம். பதிலுக்குப் பெற்ற அளவுக்கு அது கொடையல்ல, வியாபாரம் என்பதே அதன் தர்க்கம். அந்த இரவில் பதிலுக்குக் கிடைத்தது சாப்பாடு மட்டும்தானா? ஒரு பிள்ளையின் குடும்பக் கஷ்டமும் அதே மேசையில்தான் பரிமாறப்பட்டது.

“பிள்ளை சம்மதித்துத்தானே பேசினாள், பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்களே” என்பார்கள். அவள் தோளில் இருக்கும் வயலின் குழுவுடையது. பேசச் சொன்னவர் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். மாட்டேன் என்று சொன்னால் வயலினைப் பிடுங்கிவிடப் போவதில்லை; அது ஆசிரியருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? பதிவான வீடியோவோ அவளுக்கு 30 வயதாகும்போதும் எங்காவது கிடக்கும்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் உலகம் கண்டதுதான். விவால்டி 1703 முதல் வயலின் கற்றுக்கொடுத்த வெனிஸின் பியெத்தா இல்லம், கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்த இடம். அங்கே வளர்ந்த பெண்களின் கச்சேரி கேட்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள், காசும் கொடுத்தார்கள். வாசித்தவர்கள் மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால். அதே ஊரின் இன்னோர் இல்லமான மெண்டிகாந்தியில் பாட்டுக் கேட்ட ரூசோ, அந்தத் தடுப்பின்மீது எரிச்சல்பட்டுப் பாடகிகளைப் பார்த்தே தீருவேன் என்று போனார். ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. இன்னொருத்தி முகத்தில் அம்மைத் தழும்பு. ஏமாந்துபோனார், ஆனாலும் பாட்டின் மீதான மயக்கம் குறையவில்லை என்று எழுதியும் வைத்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் இசை மட்டுமே வந்தது என்பது அதன் நியாயம். அதே கம்பி அந்தப் பெண்களை அடைத்தும் வைத்தது என்பதால் அதை முன்மாதிரி என்று கொண்டாடவும் முடியாது.

பராகுவேயின் கத்தேயுரா இன்னும் சிக்கலானது. அசுன்சியோன் நகரத்துக் குப்பை வந்து குவியும் அந்த இடத்தில், நல்ல வயலின் ஒன்றின் விலை ஒரு வீட்டின் விலையைத் தாண்டும். அதனால் ஃபாவியோ சாவேஸ் என்ற ஆசிரியரும் குப்பை பொறுக்கிப் பிழைத்த நிக்கோலாஸ் கோமேஸும் எண்ணெய் டின்னிலும் முள்கரண்டியிலும் வாத்தியம் செய்தார்கள். 2014இல் மெட்டாலிக்கா ராக் இசைக்குழுவின் தென்னமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், அந்த வாத்தியங்களை வாசிக்கும் பிள்ளைகளின் ஆர்கெஸ்ட்ரா மேடை ஏறியது. அங்கே வறுமையைத் தனியாகக் கதையாகச் சொல்லத் தேவையில்லை, வாத்தியமே சொல்லிவிடுகிறது. உலகம் காசு கொடுப்பது தகர வயலினைப் பார்க்க. அந்தக் காசில் மர வயலின் வாங்கிவிட்டால் அடுத்த அழைப்பு வருமா? பிள்ளை நன்றாக வாசிக்க வாசிக்க, அதைக் காப்பாற்றிய கதை பலவீனமாகிறது. பரிதாபத்தை நம்பி ஓடும் எந்தக் கொடைக்கும் இந்தக் கோளாறு உண்டு.

தமிழில் இதைச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வெகு காலத்துக்கு முன்பே தொட்டிருக்கிறார். மலைகள் கடந்து பரிசில் வேண்டி வந்தவருக்கு, மன்னன் அதியமான் தான் நேரில் பார்க்காமலேயே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்பது அவர் நிலை. பசி அவருக்கும் இருந்தது. ஆனால் எடைபோட வேண்டியது புலமையை என்றார். அவர் பெரியவர், மறுக்க முடிந்தது. மைக் முன் நிற்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே மாற்ற வேண்டியது ஏற்பாட்டைத்தான். வெயிட்டர்கள் தட்டு எடுக்கும் சத்தத்துக்கு நடுவே இரண்டு நிமிடத் துண்டு வாசிப்பதற்குப் பதில், பிள்ளைகள் ஒரு முழுப் படைப்பை வாசிக்கட்டும். அதுவரை கரண்டிகள் காத்திருக்கட்டும். கஷ்டத்தைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், குழுவைவிட்டுப் போய்ப் பத்தாண்டு கழிந்த, யாருக்கும் வாத்தியக் கடன் இல்லாத பழைய மாணவர் சொல்லட்டும். வசூல் குறையலாம். குறைந்தால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் சில பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு வாத்தியம் கிடைக்காது. இது சின்ன இழப்பல்ல. ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வேலை அமைப்பின் நிர்வாகக் குழுவினுடையது. உள்ளே இருக்கும் பிள்ளையின் வீட்டு விவகாரத்தை விற்று ஈடுகட்டக் கூடாது.

பிள்ளை தானே பேச ஆசைப்பட்டால்? சில பிள்ளைகள் ஆசைப்படத்தான் செய்யும். பேசட்டும், எண் அட்டைகள் இறங்கி, தொகை எழுதி முடிந்த பிறகு. அந்த நேரத்திலும் அமைப்பாளர்கள் அவளைத் தேடிப் போய் மைக் கொடுக்கிறார்களா என்று பார்க்கலாம்.