பாட்டும் பந்தியும்

மனிதர் யாவரையும் படைத்த கர்த்தா ஒருவரே என்று உருகிப் பாடிய புலவர், தாழ்த்தப்பட்டவர் தம் அருகில் அமர்வதைக் கொடுமையென்று எழுதுவாரோ? எழுதினார். அவரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

1774-இல் திருநெல்வேலியில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த அவரை, சுவார்ட்ஸ் பாதிரியார் சிறு வயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். பின்னாளில் அரசரான சரபோஜி அவருக்கு உடன்மாணாக்கர். 1800-இல் அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ நம் நாட்டுக் குறத்திப் பாட்டுக்குள்ளே பூகோளத்தையும், சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும் புதிய வான சாஸ்திரத்தையும் புகுத்தியது. ஆங்கில நாட்டுக் கவியும் பாதிரியாருமான ஜான் டன் (1572–1631) தேசப்படத்தையும் வான நூலையும் பக்தியோடு இழைத்தவர். அவரோடு ஒப்பிடத்தக்க அறிவு சாஸ்திரியாருடையது.

நிற்க. 1829-ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சைச் சபையில் பூசல் எழுந்தது. புதிதாக வந்த பாதிரிமார் செய்த நான்கு கொடுமைகளைச் சாஸ்திரியார் எடுத்துரைத்தார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கியது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளை நீக்கியது ஒன்று. இம்மூன்றிலும் நாம் சாஸ்திரியார் பக்கமே. பிறர் வீட்டுப் பூவைப் பறிக்க அயலாருக்கு என்ன உரிமை? நான்காவதோ, ஆலயத்திலும் திருவிருந்துப் பந்தியிலும் ஜாதிகளை ஒன்றாய்க் கலந்தது! பூவை இழப்பதும், அயலானோடு சமமாய் அமர்வதும் அவருக்கு ஒரே பட்டியலில் அடங்கிவிட்டன.

இப்பட்டியல் நமக்குப் புதிதன்று. குளுவாங்கிலும் பிற இடங்களிலும் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், துரைமார் எதிரில் ‘எங்கள் வழக்கம்’ என்று காத்துக்கொண்டவற்றுள் திருவிழாவும் மேளமும் இருந்தன. பல தோட்டங்களில், தீண்டப்படாதார் எனப்பட்டவர்க்குத் தனி லயமும் அதே வழக்கத்தின் பெயரால் இருந்தது. நியாயமான முறையீட்டின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அநியாயமும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

அது காலத்தின் குற்றமென்பர் சிலர். பின் வரிசையில் அமர்த்தப்பட்டவரும் அதே காலத்தவர்தாமே! அவர்கள் அதைக் குற்றமென்று அறியாதிருந்தனரா? ஜாதி வேற்றுமையைச் சபையினின்று அறவே விலக்க வேண்டுமென்று பிஷப் டேனியல் வில்சன் கட்டளையிட்டது 1833-இல். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார்.

அவர் கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. அவர் அருகே அமரக்கூடாதென்று விலக்கப்பட்டோரின் சந்ததியாரும் அவற்றைப் பாடுகின்றனர். பாடாதீர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால், அவர் பாடல்களை அச்சிடுவோர் அந்த நான்கு கொடுமைகளின் பட்டியலையும் ஒரு பக்கத்தில் சேர்த்து அச்சிடட்டும்.