விருந்தினர் கடன்

விருந்தோம்புவோனின் அறத்துக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். விருந்தாய்ச் செல்வோனின் கடன் யாது? திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

அருவிக்கரையிலிருந்து இந்நகருக்கு வரும் நீர், கரமனையாற்று நீர். அந்த ஆறு பிறக்கும் அகத்தியர் மலைப்பகுதி காணிக்காரர்களின் தாயகம். 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்தைத் தமிழ்முனிவரின் உறைவிடமென நாம் போற்றுகிறோம். மலையேறுவோர்க்கு வழிகாட்டுவோரோ காணிகள்.

1987இல் அங்ஙனம் வழிகாட்டிய காணிகள் சிறிதும் களைப்புறாமை கண்டு ஆய்வாளர் வியந்தனர். அவர்கள் மென்ற கனி ஆரோக்கியப்பச்சைச் செடியினது. பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதனைக் கொண்டு ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கிற்று. உரிமத்தொகையில் பாதியைக் காணிகளுக்கு அளிக்க இசைந்தது. 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. ஆயினும், முன்னோர் காத்த மறைபொருளை வெளியிட்டது முறையோ எனக் காணிகளுள்ளேயே சிலர் வருந்தினர். பங்கு கொடுத்தல் நேர்மை. அனைவரிடமும் இசைவு கேட்டல் அதனினும் உயர்ந்த அறம்.

இவ்வறத்தை நியூசிலாந்திலும் காண்கிறோம். மாவோரி மக்கள் மூதாதையெனக் கருதும் வாங்கனுயி ஆற்றை, 2017இல் அந்நாட்டுச் சட்டம் உரிமைகளுடைய ஓர் ஆளாகவே ஏற்றது. ஆகவே, அங்குப் படகேறும் பயணி வெறும் நீரில் மிதப்பவனல்லன். ஒருவர் இல்லம் புகும் விருந்தினன்.

நாமும் நம் சிறாருடன் மலையேறுகையில், கொண்டுசென்ற குப்பையை மீட்டுக் கொணர்தல் சிறுகடன். வழிகாட்டி ‘இதற்கப்பால் வேண்டா’ எனுமிடத்தில், காரணம் வினவாது நிற்றலே பெருங்கடன். பிறர் மண்ணில் வரவேற்புப் பெற்று வாழும் நமக்கு இதனை வேறொருவர் கற்பித்தல் வேண்டுமோ?