துருவும் திருநீறும்

தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நான்தான் துடைக்கிறேன். முதலில் மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள்வேன். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பித்தளைத் தூரிகையைத் தோட்டா போடும் பக்கத்திலிருந்து விட்டுத் தள்ளுவேன். பிறகு பழைய வேட்டித் துணி. முதல் துண்டு எப்போதும் அழுக்காகத்தான் வரும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தாத்தா வேட்டையை விட்டார். அன்றிலிருந்து இது வெடித்ததே இல்லை. வெடிக்காத குழலில் அழுக்கு ஏது?

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தைச் செம்பில் களிம்பு என்கிறது. வந்து ஒட்டியதல்ல, உடன்பிறந்தது. கன்மமோ வந்து சேர்வது. மருந்துக் கரியும் ஈயமும் கன்மம் என்றால், அவை என்றோ போய்விட்டன. இப்போது துணியில் வருவது துரு. கொல்லாமல் சும்மா இருந்தாலே சுத்தம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். (துருவுக்குக் காற்றின் ஈரம் வேண்டாமா என்றாள் என் மகள். உவமையை அவ்வளவு அழுத்தித் தேய்க்கக் கூடாது.)

கொன்ற கருவிக்குத் திருநீறும் சந்தனமுமா என்று அம்மாவிடம் சண்டை போட்டதுண்டு. "கண்ணப்பர் வில்லோடுதானேடா காளத்திக்குப் போனார்" என்பாள். அந்தப் பதில் எனக்கு இன்னும் போதவில்லை.

பூஜை முடிந்ததும் ஈரச் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் பூசிவிடுகிறேன். மறந்த வருஷம், பொட்டு வைத்த இடத்தில்தான் முதலில் துரு ஏறியது.